சித்தாள் கைக்கு ஏன் கரண்டி வருவதில்லை

ஒன்பது அங்குலச் சுவர் கட்டும் கொத்தனாருக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு செங்கல் ஓடும். ஒரு சேம்பர் செங்கல் ஏறத்தாழ மூன்று கிலோ. அறுநூறு கல் என்றால் 1,800 கிலோ. அதற்கு வேண்டிய கலவை இன்னொரு 700 கிலோ. ஆக இரண்டரை டன். லாரிக்காரர் தெருவில் கொட்டிவிட்டுப் போன இடத்திலிருந்து சாரத்துக்கு மேல் கொத்தனாரின் கைக்கெட்டும் தூரம் வரை இதைக் கொண்டுசேர்ப்பது சித்தாள் வேலை. பெரிய வேலையாக இருந்தால் கொத்தனாருக்கு இரண்டு சித்தாள், சின்ன வேலையில் ஒருத்திதான். சாயங்காலம் மேஸ்திரி வந்து சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு அறுநூறு கல்லு ஓட்டிட்டான்யா" என்பார். ஓட்டியது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் மேஸ்திரி, கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று படி இறங்கும். பெரியாள் ஆண். மண்வெட்டி பிடிப்பார், கலவை புரட்டுவார், மூட்டை இறக்குவார். ஊருக்கு ஊர் இவருக்குப் பெயர் மாறும், தென்மாவட்டங்களில் நிமிந்தாள் என்பார்கள். சித்தாள் பெண். பெரியாளாக வரும் பையன் இரண்டு மூன்று வருடத்தில் கொத்துக்கரண்டி பிடிக்கத் தொடங்கிவிடுவான், ஐந்து வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான், கெட்டிக்காரனாக இருந்தால் பத்தாவது வருடம் அவனே மேஸ்திரி. சித்தாளாக வரும் பெண் இருபது வயதிலும் சித்தாள், ஐம்பத்தைந்திலும் சித்தாள். அவள் கல் எடுத்துக் கொடுத்த பையனிடமே பின்னாளில் கூலிக்கு நிற்பாள். இன்று பல ஊர்களில் கொத்தனாருக்கு ஆயிரத்துக்கு மேல், சித்தாளுக்கு ஐந்நூறிலிருந்து எழுநூறு. அந்த இடைவெளி ஒரு நாளோடு முடிவதல்ல, முப்பது வருடம் ஓடுகிறது.

திறமை இல்லாத வேலை என்றுதான் இதற்குக் கூலி போடுகிறார்கள். அரசாங்கக் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. கலவைத் தொட்டிப் பக்கம் அரை நாள் நின்று பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கலவையை எடுத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. இரும்புச் சட்டியால் அளந்தால் மூன்று சட்டி வரும். செங்கல் கட்ட 1:6 என்றால் மூட்டைக்குப் பதினெட்டுச் சட்டி மணல், உள்பூச்சுக்கு 1:5 என்றால் பதினைந்து, கூரை அடிப்பூச்சுக்கு 1:3 என்றால் ஒன்பது. சட்டிக்குச் சட்டி கொள்ளளவு மாறும் என்பதால், வேலை தொடங்கும் அன்று ஒரு மூட்டையை அந்தச் சட்டியிலேயே கொட்டி அளந்து பார்த்துவிடுவாள் பழக்கப்பட்ட சித்தாள். முதல் நாள் மழை பெய்து மணல் ஈரமாக இருந்தால் கணக்கே வேறு. லேசான ஈரத்தில் மணல் உப்பி நிற்கும், அளவு கால்பங்கு வரை கூடக் காட்டும். சட்டியை எண்ணி மட்டும் போட்டால் மணல் குறைந்து சிமென்ட் மிஞ்சிவிடும். சிமென்ட் மிஞ்சினால் நல்லதுதானே என்று வீட்டுக்காரர் நினைப்பார். பூச்சில் அது மயிர்க்கோடு மயிர்க்கோடாக விரிசல் விடும்.

தண்ணீர் இன்னும் நுணுக்கம். கலவை இளகிப்போனால் கல் மிதக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள மூட்டுவாய் வழிந்து சுவரில் கோடு விழும். இறுகினால் கல் கலவையைப் பிடிக்காது. உச்சி வெயிலில் தொட்டிக் கலவை முக்கால் மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கும். அப்போது கொத்தனார் மேலிருந்து "தண்ணி ஊத்திக் கலக்கி அனுப்பு" என்பார். இறுகிப்போன கலவையில் மறுபடி தண்ணீர் விட்டால் இளகும், ஆனால் பலம் திரும்பாது. நாலு மாதம் கழித்து விரலால் சுரண்டினால் மணலாக உதிரும். இதைத் தெரிந்த சித்தாள் செய்வது ஒன்றுதான்: கொத்தனாரின் கை வேகத்தைப் பார்த்து அரை மூட்டை, கால் மூட்டையாகக் கலக்க வைப்பாள். பெரியாள் ஒரே தடவையில் மூன்று மூட்டையைக் கொட்டிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விட்டால் அன்றைய சுவர் போயிற்று.

கல் நனைப்பதும் அவள் பொறுப்பு. காய்ந்த கல் கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமென்ட் இறுக ஈரம் இருக்காது. தொட்டியில் போட்டுக் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, எடுத்து வடியவிட்டுத்தான் மேலே ஏற்றவேண்டும். சொட்டச் சொட்டக் கொண்டுபோனால் கல் வழுக்கும். காலையில் ஏழு மணிக்கு வந்து இந்தத் தொட்டியை நிரப்பி வைக்காவிட்டால் எட்டரைக்கு வரும் கொத்தனார் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது.

தளம் போடும் நாளில் இந்த அறிவெல்லாம் ஒரே இடத்தில் கூடும். ஆயிரம் சதுர அடி வீடு, ஐந்து அங்குலக் கனம் என்றால் ஏறத்தாழ பன்னிரண்டு கன மீட்டர் காங்கிரீட். எடை 28 டன். உத்தரம் தனி. சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் ஒரு மூட்டைக்கு ஒரு சட்டி பதினைந்து கிலோ வீதம் இருபது சட்டி. மொத்தம் 1,900 சட்டி. எட்டு மணி நேரத்தில் முடிக்கவேண்டுமானால் நிமிடத்துக்கு நாலு சட்டி மேலே போகவேண்டும், அதாவது பதினைந்து நொடிக்கு ஒன்று. மிக்சரிலிருந்து சரிவுப் பலகை வழியாகக் கைமாற்றி ஏற்றும் வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். காலிச் சட்டி இன்னொரு பக்கமாக இறங்கி வந்துகொண்டே இருக்கும். பிடிக்காமல் விட்டால் கீழே நிற்பவரின் மண்டை உடையும்.

இந்த வரிசை நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். போட்ட காங்கிரீட்டின் விளிம்பு வெயிலில் இறுகத் தொடங்கிய பிறகு அதன்மேல் புதுக் காங்கிரீட் விழுந்தால் இரண்டும் ஒட்டாது. அந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். முதல் மழையில் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி எல்லோரையும் ஒன்றாக இறக்கிவிட்டால் இப்படி ஆகும். அதனால் அனுபவமுள்ள பெண்கள் தங்களுக்குள் மாற்றி மாற்றி உட்காருவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமில்லை இது. வீட்டுக்காரர் அன்று பிரியாணி போட்டு இனாம் கொடுப்பார். இனாமிலும் கொத்தனாருக்கு ஒரு பங்கு, சித்தாளுக்குப் பாதிப் பங்கு.

அடுத்த பத்து நாள் தண்ணீர் விடும் வேலை. தளத்தின் மேல் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கவேண்டும். இப்போது பெரும்பாலும் வரும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டுக்கு ஏழு நாள் போதாது, பத்து நாளாவது வேண்டும், கோடையில் இன்னும் கூட. ஒரு நாள் மதியம் பாத்தி வற்றிவிட்டால் மேற்பரப்பு வெடிக்கும். இந்த வேலைக்கு வயதான பெண்ணைத்தான் வைப்பார்கள், அதுவும் குறைந்த கூலிக்கு. கட்டடத்தின் பலம் பாதி அவள் கையில் இருக்கிறது என்று சொன்னால் இன்ஜினியர்கள் மறுக்க மாட்டார்கள். கூலியில் மட்டும் அது தெரியாது.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கலைக் குத்திட்டு அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். வரிசையாக உட்கார்ந்து தாளம் தப்பாமல் அடித்தவர்கள் பெண்கள். நூறு வருடம் தாண்டியும் ஒழுகாமல் நிற்கும் அந்தத் தளங்களைக் கட்டியவர்கள் என்று யார் பெயரைச் சொன்னாலும் அதில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

சரி, இவ்வளவு தெரிந்தவள் கைக்குக் கரண்டி ஏன் வரவில்லை? உடல் பலம் காரணமல்ல. ஒரு செங்கலையும் ஒரு கரண்டிக் கலவையையும் எடுத்து வைப்பதற்கு, முப்பது கிலோவைத் தலையில் சுமந்து ஏணி ஏறுவதைவிடக் குறைந்த பலமே போதும். காரணம் மதிய இடைவேளையில் இருக்கிறது. பெரியாள் பையன் சாப்பிட்டதும் கொத்தனாரின் கரண்டியை எடுத்து நாலு கல் வைத்துப் பார்ப்பான். கொத்தனார் வந்து திட்டிக்கொண்டே பிரித்துச் சரிசெய்து காட்டுவார். தொழில் கைமாறுவது அந்தத் திட்டில்தான். அதே நேரத்தில் சித்தாள் டீ வாங்கப் போயிருப்பாள், அல்லது மதியத்துக்கான கல்லை நனைத்துக்கொண்டிருப்பாள். கொத்தனாரும் பையனும் சாயங்காலம் ஒன்றாக டீக்கடையில் நிற்பார்கள். அங்கேதான் அடுத்த வேலை எங்கே, எவ்வளவு ரேட் என்ற பேச்சு நடக்கும். அவள் அந்நேரம் ரேஷன் கடையிலோ அடுப்படியிலோ இருப்பாள். பெண் கரண்டி எடுத்தால் "என்னக்கா, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்குறியா" என்ற கேலி வேறு. கேலியாக வந்தாலும் அது எச்சரிக்கைதான். மறுநாள் அவளை வேலைக்குக் கூப்பிட ஆள் வராது.

இப்போது வேறொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் வந்தபிறகு தளம் போட முப்பது பேர் வேண்டியதில்லை. லிஃப்ட் வைத்த மிக்சர் சிற்றூர் வரை போய்விட்டது. வடமாநில இளைஞர்கள் வேலையிடத்திலேயே தங்கி எந்த நேரத்துக்கும் வேலை செய்கிறார்கள். காலையில் ஆள் எடுக்கும் முச்சந்தியில் கடைசிவரை நிற்பது ஐம்பது தாண்டிய பெண்தான். சுமக்கும் வேலை இனிக் குறைந்துகொண்டுதான் போகும். அதனால் கரண்டி பிடிப்பது கௌரவத்துக்காக அல்ல, மீதியிருக்கும் பத்துப் பதினைந்து வருடப் பிழைப்புக்காக.

ஐம்பது வயதில் கற்க முடியுமா என்றால், முடியும். இருபது வயதுப் பையனைவிட அவளுக்கு ஒரு வசதி உண்டு: கலவைப் பதமும் கல்லின் குணமும் ஏற்கெனவே தெரியும். கற்கவேண்டியது நேர்கோடும் கைப்பழக்கமும் மட்டும். சாமான் அதிகமில்லை. கரண்டி, தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம், நூல், பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் மணியாசுக்கட்டை, ஆறடி அலுமினிய மட்டக்கோல். மட்டக்கோல் நீங்கலாக எல்லாம் இரண்டு மூன்று நாள் சித்தாள் கூலிக்குள் வாங்கிவிடலாம். கரண்டி மட்டும் கொஞ்சம் சின்னதாக வாங்குவது நல்லது. ஆண்கள் பிடிக்கும் பெரிய கரண்டியில் கலவையை அள்ளி நாள் முழுக்க வீசினால் முதல் வாரத்திலேயே மணிக்கட்டு வீங்கும்.

பயிற்சிக்குச் சிமென்ட் கூடாது. செம்மண்ணைக் குழைத்துக் கட்டினால் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துக் கட்டலாம், கல்லும் வீணாகாது. நாலடி நீளம், மூன்றடி உயரம், நாலரை அங்குலச் சுவர் ஒன்றுக்குச் சதுர அடிக்கு ஐந்து கல் வீதம் அறுபது கல் போதும். கட்டுமிடத்தில் கிடக்கும் உடைசல் கல்லே தாராளம். முதலில் இரண்டு முனைக் கல்லையும் தூக்குப் பார்த்து வைத்து, நடுவில் நூல் கட்டி, நூலை ஒட்டி மற்றக் கற்களை வைக்கவேண்டும். கல் நூலைத் தொடக்கூடாது, நூல்கனத்துக்கு இடைவெளி விடவேண்டும். தொட்டால் நூல் வெளியே தள்ளி, அடுத்த கல்லும் வெளியே போய், சுவர் வயிறு தள்ளும். கல்லின் குழிவு மேலே இருக்கவேண்டும். மூட்டுவாய் அரை அங்குலத்துக்குள். கீழ் வரிசையின் செங்குத்து மூட்டுக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் மூட்டு வரக்கூடாது, வந்தால் அங்கேதான் சுவர் பிளக்கும்.

புதுக்கை செய்யும் தவறு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு கல் தாழ்ந்துவிட்டால் அதை எடுக்காமல் அடுத்த வரிசையில் கலவையைக் கனமாகப் போட்டு மறைப்பது. இரண்டு வரிசைக்கு மேல் அது ஏமாற்றாது. கல்லை எடுத்து, பழைய கலவையை முழுதும் வழித்துவிட்டு, புதுக் கலவை போட்டு வைப்பதுதான் வழி. இன்னொன்று, வைத்து கொஞ்ச நேரம் ஆன கல்லைக் கரண்டிக்காம்பால் தட்டித் தூக்குக்குக் கொண்டுவருவது. தட்டியதில் கல் நேராகும், ஆனால் அடியில் பிடித்திருந்த கலவை விட்டுவிடும். மண்கலவையில் இது தெரியாது என்பதால் சிமென்ட்டுக்கு மாறும்போது குறிப்பாகக் கவனிக்கவேண்டும். உயரமும் அப்படித்தான், ஒரே நாளில் நாலடிக்கு மேல் ஏற்றினால் பச்சைச் சுவர் தன் எடையிலேயே அமரும்.

சுவருக்கு அடுத்தது பூச்சு. இதில் வயதான பெண்ணுக்கு வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் அபிப்பிராயம். சுவர் வேலை வேகத்தைக் கேட்கும், பூச்சு பொறுமையைக் கேட்கும். உள்சுவருக்கு அரை அங்குலக் கனம் போதும். சுவரின் இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் கலவையால் புள்ளி வைத்து, தூக்குக்குண்டால் நேராக்கி, புள்ளிகளுக்கிடையில் பட்டையாகப் பூசி, அந்தப் பட்டைகளின் மேல் மட்டக்கோலை வைத்து இழுத்தால் மிச்சம் தானாக வழிந்துவிடும். கலவையை அப்பக்கூடாது, மணிக்கட்டால் வீசி அடிக்கவேண்டும். அப்பினால் உள்ளே காற்று நிற்கும். பிறகு தட்டிப் பார்த்தால் 'டொப்பு டொப்பு' என்று சத்தம் வரும் இடமெல்லாம் அதுதான். தூணும் உத்தரமும் வழவழவென்று இருக்கும், கொத்திவிடாமல் பூசினால் பலகையாகப் பெயரும். செங்கல் சுவரும் காங்கிரீட்டும் சேருமிடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் அந்தக் கோட்டிலேயே விரிசல் வரும். மணியாசுக்கட்டை போடும் நேரம்தான் கடைசி நுட்பம். விரலால் அழுத்தினால் பதியவேண்டும், ஒட்டக்கூடாது. முந்தினால் பூச்சு இழுபடும். பிந்தினால் தேயாது, தண்ணீர் தெளித்துத் தேய்க்கவேண்டிவரும், அது மேல்தோலைக் கெடுக்கும்.

புடவையும் சாரமும் சேராது. இதை மழுப்பிப் பேசவேண்டியதில்லை. புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொள்வது கட்டட வேலைப் பெண்களின் ஏறத்தாழ சீருடை. வெயிலுக்கும் சிமென்ட் தூளுக்கும் அது நல்லது. ஆனால் மூங்கில் சாரத்தில் குறுக்கே கால் வைத்து ஏறப் புடவை உதவாது, கொசுவம் முடிச்சில் சிக்கும். சுடிதார் அல்லது பேண்ட்தான் பாதுகாப்பு. ஐம்பது வயதில் அதைப் போடக் கூச்சப்படுபவர்கள் தரைமட்ட வேலையை எடுத்துக்கொள்ளலாம்: குளியலறை டைல்ஸ், சிலாப் கட்டை, கழிவுநீர்த் தொட்டி, திண்ணை, மாடியில் தட்டோடு பதித்து மூட்டுவாய் அடைப்பது. எல்லாமே சின்ன வேலை என்று பெரிய மேஸ்திரிகள் தள்ளிவிடும் வேலைகள். வீட்டுக்காரர்கள் ஆள் கிடைக்காமல் அலையும் வேலைகளும் இவைதான்.

மற்ற இடங்களில் நடந்ததும் இதைத்தான் சொல்கிறது. அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு 2003இல் கட்டுமானப் பெண்களுக்காகவே கர்மிகா என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டத்தின் பெண்கள் குழுக்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை வீடு கட்டிக் கொடுக்கின்றன. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் ஊருக்கு ஊர் கழிப்பறை கட்ட ஆண் கொத்தனார் கிடைக்காமல் போனபோது, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ராணி மிஸ்திரி என்று பெயர் வந்தது. இரட்டைக் குழிக் கழிப்பறை கற்பதற்கேற்ற வேலை: மூன்றடிச் சொச்சம் விட்டமுள்ள இரண்டு வட்டக் குழி, இரண்டுக்கும் நடுவில் குழி ஆழத்துக்குக் குறையாத இடைவெளி, வரிசை விட்டு வரிசை ஓட்டை வைத்துக் கட்டிய சுவர். ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் கழிவு போகும்படி பிரிவுத் தொட்டியில் மற்ற வாயை அடைத்துவைக்கவேண்டும். அடைக்காமல் விட்டால் இரண்டும் ஒன்றாக நிரம்பும், எதையும் ஆறவிட்டு அள்ள முடியாது.

இவற்றிலெல்லாம் பொதுவான விஷயம், பெண்கள் குழுவாக வேலை எடுத்தார்கள் என்பது. தனியாகப் பயிற்சி முடித்து ஆண் கொத்தனார்களின் குழுவுக்கே திரும்பினால், சான்றிதழ் பெட்டியில் இருக்கும், சட்டி தலையில் இருக்கும். நாலு பேர் சேரவேண்டும், அதில் இருவராவது கரண்டி பிடிக்கவேண்டும். நம் ஊரிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரிக் குத்தகை, அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே கொடுக்கப்பட்டது.

உடம்பைப் பற்றி. பெண் தொழிலாளி தனியாகத் தூக்கும் சுமைக்கு 30 கிலோ உச்சவரம்பு என்று 1998ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் மத்திய விதிகள் வகுத்தன. நனைந்த செங்கல் மூன்றரைக் கிலோ வரை வரும். எட்டுக் கல்லிலேயே வரம்பு முடிந்துவிடும். வேலையிடத்தில் பத்து, பன்னிரண்டு என்று அடுக்குவதுதான் வழக்கம். கழுத்து எலும்பும் முழங்காலும் இதில்தான் போகின்றன, பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கருப்பை இறக்கமும். மெட்டியையும் கண்ணாடி வளையலையும் கலவை வேலைக்கு முன் கழற்றிவிடவேண்டும். ஈரச் சிமென்ட் கடுமையான காரம். மெட்டிக்கடியில் தங்கினால் சாயங்காலத்துக்குள் தோலைத் தின்றுவிடும், வலி மறுநாள்தான் தெரியும். வேலைக்கு முன் தேங்காயெண்ணெய் தடவுவது ஓரளவுக்குத்தான் காக்கும். ரப்பர் உறையும் காலணியும் வேண்டும், கலவை பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவவேண்டும். கழிப்பறை இல்லாத வேலையிடத்தில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மே மாத வெயிலில் அது மயக்கத்தில் போய் முடியும், இல்லாவிட்டால் நீர்க்கடுப்பில். வேலைக்குப் பேசும்போதே "ஒதுங்க இடம் இருக்கா" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கழிப்பறை கட்டிக்கொடுப்பது முதலாளியின் கடமை என்பது 1996இன் கட்டுமானத் தொழிலாளர் மத்தியச் சட்டத்திலேயே வந்துவிட்டது.

சம வேலைக்குச் சம கூலி 1976 முதல் சட்டத்தில் இருக்கிறது, 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. சட்டம் ஒரே வேலையையோ ஒரே தன்மையுள்ள வேலையையோதான் ஒப்பிடும். பெரியாள் என்றும் சித்தாள் என்றும் பெயரைப் பிரித்து வைத்ததில் வேலையும் பிரிந்துவிட்டதாக ஆகிவிட்டது, கேள்வி அங்கேயே நின்றுபோகிறது. பாலியல் தொல்லைக்கு 2013 சட்டத்தின்படி மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடத்தில் வேலை செய்பவரும் அங்கே புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள்.

சட்டத்தைவிட வாரிய அட்டைதான் அன்றாடம் பயன்படும். தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1982இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் பதிவு செய்யவேண்டும். 60 முடிந்ததும் மாத ஓய்வூதியம், ஆயிரத்துச் சொச்சம். பெண்களுக்கு 55லேயே வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன, சுமை தூக்கியவர்களுக்கு அது அதிகமில்லை. பணம் நின்றுபோவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்தான். ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது. பதிவில் கொடுத்த கைபேசி எண் மகனுடையது, மகன் எண்ணை மாற்றிவிட்டான், ஓடிபி வரவில்லை. புதுப்பிக்கும் தேதி தவறிவிட்டது. ஐம்பதைத் தொடும்போதே பிறந்த தேதியை எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக்கி, சொந்தப் பெயரில் ஒரு சிம் வாங்கி, வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். கரண்டி பிடிக்கத் தொடங்கியவர்கள் புதுப்பிக்கும்போது தொழிலைக் கொத்தனார் என்று மாற்றக் கேட்கவேண்டும்.

கூலியை யார் கையில் வாங்குவது என்பதும் சின்ன விஷயமல்ல. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேஸ்திரியிடம் போனால் சனிக்கிழமை இரண்டு பேர் பணமும் புருஷன் கைக்குப் போய்விடும். ஆள்கணக்கு நோட்டில் தன் பெயருக்கு நேராகத் தானே கையெழுத்துப் போட்டு, தன் கணக்குக்கே பணம் அனுப்பச் சொல்வது நல்லது. மேஸ்திரி முனகுவார், கொடுத்தும் விடுவார்.

குழுவாகச் சொந்த வேலை எடுக்கும்போது நாள்கூலியை விட்டுவிட்டுச் சதுர அடிக் கணக்குக்கு மாறவேண்டும். பூச்சில் தேறிய ஒருவர் ஒரு நாளில் நூறு சதுர அடி போடுவார். புதியவர் எழுபது போட்டாலே அதிகம். ரேட் பேசும்போது எழுபதை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும், நூறை வைத்துப் பேசிவிட்டுக் கையைக் கடித்துக்கொண்டவர்கள் உண்டு. சாமான் முழுதும் வீட்டுக்காரர் வாங்கித் தரட்டும். மணல் எத்தனை யூனிட், சிமென்ட் எத்தனை மூட்டை என்று எழுதிக்கொடுக்கவேண்டியது குழு. முன்பணம் கால்பங்கு, சுவர் அல்லது அடிப்பூச்சு முடிந்ததும் பாதி, மீதி முடிவில். பெண்கள் செய்த வேலை என்று தெரிந்தால் அந்த மீதியை இழுத்தடிக்க வீட்டுக்காரருக்கு ஒரு சாக்கு வேண்டும், "ஒழுகுதான்னு பாத்துட்டுத் தர்றேம்மா" என்பார். தொட்டி வேலை என்றால் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, வாயை மூடிவைத்து மறுநாள் அதே நேரத்தில் அவரையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். புதுத் தொட்டி முதல் நாள் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் கோடு போடுவதற்கு முந்தின நாளே நிரப்பி ஊறவிட்டிருக்கவேண்டும். குளியலறை என்றால் நீர்ப்போக்கியை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையை மறுநாள் பார்த்தால் போதும். கோடு இறங்கவில்லையென்றால் மீதிப் பணத்தை அங்கேயே நின்று வாங்கிவிடலாம்.